முழங்கால் படாதவரை

விரிப்பை உதறிப் போட்டதும் அவள் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றினாள். கால்விரல்களில் எழும்பி, உடம்பைப் பலகைபோல் நிறுத்தினாள்.

எதிரே அவள் கணவனும் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டான். இருவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. தன் முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு நேரே வந்திருக்கிறான். சவர சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

விதி ஒன்றுதான். அவள் முழங்கால் தரையில் படாதவரை அவன் கதை சொல்லவேண்டும். பட்டால், எந்த இடமாக இருந்தாலும் நிறுத்திவிடுவான். காலில் விழுந்தாலும் மிச்சம் மறுநாள்தான்.

அவள் ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். உடற்தகுதித் தேர்வில், ஓட்டத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. தண்டாலும் எடுத்துவிடுவாள். இந்தப் பலகை நிலைதான் மொத்த மதிப்பெண்ணையும் கீழே இழுத்தது. கையில் பலம் இல்லாமல் இல்லை. சும்மா கிடக்கத்தான் அவளால் ஆகாது. அடுப்பை அணைத்தோமா, லாரியின் பின்சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று மனசு எழுந்து போய்விடும். பின்னாலேயே முழங்காலும் போய்விடும்.

இரண்டு முறை தேறவில்லை. மூன்றாவது முறையும் தவறினால் சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். லாரி இல்லாமல் என்ன செய்வோம் என்பது அவளுக்கே தெரியாது.

அவனுக்கோ வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான். ஊமைக் கத்தரி என்று கடையில் பெயர் வாங்கியவன். அங்கே கத்தரி பேசும், கடைக்காரர் பேசமாட்டார் என்று வாடிக்கையாளர்கள் கிண்டலடிப்பார்கள். கல்யாணமான புதிதில், கடையில் இன்று என்ன விசேஷம் என்று அவள் தினமும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்பான். பாதி நாள் அதையும் தலையாட்டலிலேயே முடித்துவிடுவான். போயும் போயும் ஒரு சுவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டோம் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

ஒருநாள் அவள் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது, அவனுடைய சட்டைப் பொத்தான் அறுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது. தேடப் படுத்தவன் அவள் முகத்துக்கு நேரே வந்து மாட்டிக்கொண்டான். என்ன நினைத்தானோ, மீசைக்குச் சாயம் பூசச் சொல்லிவிட்டு, பூசி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து அழுத ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னான். எதற்கு அழுதார், எதற்கு அழுதார் என்று கேட்டுக்கொண்டே, அதுவரை தாங்காத நேரம் தாங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் வந்தார், உட்கார்ந்தார், போனார் என்று தந்தி அடித்துக்கொண்டிருந்தவன், போகப்போகக் குரல் மாற்றிப் பேசவும், சரியான இடத்தில் இழுத்துப்பிடிக்கவும் கற்றுக்கொண்டான். லாரி ஓட்டும்போதே அவளுக்கு மிச்சக் கதை மண்டையைக் குடையும்.

ஆனால் விரிப்பைச் சுருட்டும்போது வாயையும் சேர்த்துச் சுருட்டிவிடுவான். சாப்பிடும்போது எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சொல் பெயராது.

தேர்வு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது என்று நேற்று அவள் சொன்னபோதும் தலையைத்தான் ஆட்டினான்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஓர் அண்ணன் தம்பி கதை. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு வருடக்கணக்காகப் பேசாதவர்கள், ஒரே நேரத்தில் கடைக்கு வந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதை இவன் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல ஆளைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், முகம் நிறைய நுரையோடு தம்பி அண்ணன் பக்கம் திரும்பினான். அந்த இடத்தில் நேற்று சிரிப்பு தாங்காமல் அவள் முழங்கால் பட்டுத் தொலைத்தது.

இன்று கை துளிகூட நடுங்கவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

அவன் அண்ணன் தம்பியிடம் போகவில்லை. இன்று கடைக்கு வந்த புது ஆள் ஒருவரைப் பற்றி ஆரம்பித்தான். கழுத்தில் விசில் தொங்கியதாம். துணி போர்த்தும்போதுகூடக் கழற்றமாட்டேன் என்றுவிட்டாராம்.

அவள் கண்கள் தரைக்குப் போயின.

முகாமில் தேர்வு நடத்துபவராம் அவர். முந்தாநாள் நடந்த தேர்வில் எல்லோரும் ஒவ்வொருவராகச் சரிந்த பிறகும், லாரி ஓட்டும் ஒரு பெண் மட்டும் அப்படியே நின்றாளாம். முழு மதிப்பெண் போட்டாயிற்று, எழுந்திரு என்று விசிலடித்தும் எழவில்லையாம். என்னவோ ஏதோ என்று பயந்து குனிந்து பார்த்தாராம். தரையைப் பார்த்துச் சிரித்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம் அந்தப் பொண்ணு. யாரைக் கேட்டுச்சுன்னு அவருக்கு இன்னும் புரியலையாம்."

அவள் முழங்கால் தரையில் பட்டது.

பொய்யின் சாயம் வெளுத்துப்போனதில் அவளுக்குப் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. இனி விரிப்புக்கு வேலை இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கன்னத்தை அதிலேயே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் எழுந்து அதன் ஓரத்தைப் பிடித்து இழுப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவன் எழவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்து, அவனும் விரிப்பில் தலையை வைத்துக்கொண்டான்.

"நுரையோட தம்பி திரும்பினானா..." என்று ஆரம்பித்தான்.