இதர வகை

நாற்பத்தொரு ராஜினாமாக் கடிதங்களையும் மேசையில் பார்த்ததும் வெள்ளைத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. காகித வியாபாரி. சிவகாசியில் சுடரொளித் தொழில் வணிகர் சங்கத்துக்குப் பதினெட்டு வருடமாக அவர்தான் தலைவர்.

"என்ன தாயி, ஒரேயடியா எல்லாரும் போறீகளா? இந்தச் சங்கம் உங்களுக்கு என்ன கொற வச்சுச்சு?"

கடிதங்களைக் கொண்டுவந்த எழிலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"கொறையா அண்ணாச்சி? பட்டாசுன்னு ஒரு வகை, தீப்பெட்டின்னு ஒரு வகை, அச்சுன்னு ஒரு வகை. கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துற எங்களை மட்டும் 'இதர வகை'ன்னு கடைசியில எழுதி வச்சிருக்கீக. பொதுக்குழுவுலயும் எங்களுக்குக் கடைசி வரிசை நாற்காலிதான்."

"அதுக்காகத் தனிச் சங்கமா?"

"ஆமா. எங்க கஷ்டத்தை எடுத்துச் சொல்ல எங்களுக்குன்னு ஒரு சங்கம் வேணும்."

கஷ்டம் சின்னதல்ல. பட்டாசுக் கடைகள் செல்போனிலேயே ஆர்டர் எடுக்க வழி செய்து கொடுக்கிற கம்பெனி அவளுடையது. வேலை பார்க்கும் பதினொரு பெண்களும் தாயில்பட்டி, ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். வாடகைக் கட்டடத்தை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். ஊருக்குள் இடம் கிடைக்காவிட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும், அவ்வளவு தூரம் அந்தப் பெண்களை வீட்டில் விடமாட்டார்கள். அப்புறம் அவர்களுக்கும் அம்மாமார்களைப் போலப் பட்டாசுக் கம்பெனி வேன்தான்.

சங்கக் கட்டடத்தின் மாடி முழுக்கக் காலியாகக் கிடந்தது. அதைக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குக் கொடுப்பதா, காகிதக் கிடங்காக்குவதா என்று ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு.

"ஓட்டெடுப்புல நம்ம எங்கன ஜெயிக்க?" என்று முதலில் சொன்னவன் தருண்குமார். எழிலோடு கல்லூரியில் படித்தவன், அவனுக்கும் ஒரு சாப்ட்வேர் கம்பெனி உண்டு. புதுச் சங்கத்துக்குத் தலைவராகப் போகிறவனும் அவன்தான். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு இருந்தா எவன் மதிப்பான்? முதல்ல இங்க இருந்து வெளிய வருவோம். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எல்லா லெட்டரையும் குடுத்துரு. புதுச் சங்கமாப் போய் கலெக்டர்ட்ட இடம் கேப்போம்."

சங்கத்தைப் பதிவு செய்ய அவன் விருதுநகர் போயிருந்தான். தன் கடிதத்தைத் திரும்பி வந்து நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியதெல்லாம் எழில்தான். தயங்கியவர்களிடம், "என்னைய நம்பிக் கையெழுத்துப் போடுங்க" என்று கெஞ்சியிருந்தாள்.

வெள்ளைத்துரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போறவுகளைப் பிடிச்சா வைக்க முடியும்? ஏப்பா பத்திரகாளி, சீல் வையி."

சங்கத்து எழுத்தர் பத்திரகாளி ஒவ்வொரு கடிதத்திலும் சீல் குத்தி, பதிவேட்டில் அந்தப் பெயரை அடித்துக்கொண்டே போனார். இதர வகை ஒரு பக்கத்தோடு முடியவில்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அடித்தார். நாற்பத்தொன்றும் முடிந்தபோது மணி நாலே முக்கால்.

"எங்களுக்கே இம்புட்டுப் பக்கமா? அப்ப மத்தவுக பேரை எழுத நோட்டு பத்தாதே" என்று எழில் கேலியாகச் சொன்னாள்.

பத்திரகாளி சூதுவாது தெரியாத மனுஷர். "அட எங்கம்மா! பாதிக் கம்பெனி மூடியாச்சு. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு எல்லாஞ் சேத்து முப்பத்தெட்டுதான். நீங்கதான் நாப்பத்திரெண்டு பேரு இருந்தீக. இன்னைக்கு அஞ்சு மணிக்கு இந்த நோட்டுல யாரு பேரு இருக்கோ, அவுகளுக்குத்தான் ஞாயித்துக்கிழமை ஓட்டு."

எழில் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். கடைசியில் தள்ளிவிட்டார்களே என்று இத்தனை வருடமாக ரோஷப்பட்டார்களே தவிர, அங்கே எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒருவர்கூட எண்ணிப் பார்த்ததில்லை. தனிச் சங்கமே தேவையில்லை. பேசாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாடி அவர்களுடையது.

"அண்ணாச்சி, அந்தக் கடுதாசியெல்லாம் திருப்பிக் குடுங்க."

"சீல் வச்சதைத் திருப்பித் தர விதியில எடமில்லையே தாயி." அவர் கண்ணில் இப்போது ஈரம் இல்லை.

அவளுக்கு நெஞ்சு கொதித்தது. தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட நாற்பது பேர் முகத்தில் இனி எப்படி விழிப்பது? தருண் ஒருவனாவது உள்ளே இருக்கட்டும். பொதுக்குழுவில் எழுந்து நின்று நியாயம் கேட்க ஒரு ஆள் வேண்டுமே. அவனுக்குப் போன் போட்டாள்.

"தருண், நீ மட்டும் லெட்டர் குடுத்துராத! இங்கன நம்மதான் அதிகம் பேரு இருந்திருக்கோம். ஓட்டுப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம். இந்தப் பெரிய மனுசன் கண்ணீர் விட்டே நம்மளை ஏமாத்திட்டாரு!"

தருண் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நாப்பத்தொன்னுக்கும் சீல் வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"அப்பச் சரி. போனை எங்க மாமாட்ட குடு."