இரண்டாவது டம்ளர்

பூட்டு ரிப்பேர்க்காரருக்கு மணிக்கொரு தரம் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை நோயும் இல்லை, கிருமியும் இல்லை என்று டெஸ்டில் தெரிந்ததும், நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்து, குடிப்பதையும் போவதையும் மூன்று நாள் எழுதி வரச் சொன்னாள்.

எழுதிக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "என்னங்கய்யா, ஒவ்வொரு தடவையும் ரெண்டு டம்ளர் டீயா?"

"கை தானா ரெண்டு பேருக்குப் போட்டுடுதும்மா. சம்சாரம் தவறி எட்டு மாசமாச்சு. கீழ கொட்ட மனசு வரல, நானே குடிச்சிடறேன்."

நர்ஸ் நோட்டை மூடி வைத்தாள். "ரெண்டாவதைக் குடிக்காதீங்க. அவசரம் வந்ததும் ஓடாதீங்க, அஞ்சு நிமிஷம் அடக்கிப் பழகுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமும் கை இரண்டு டம்ளர்தான் போட்டது. தன்னுடையதைக் குடித்தார். மற்றதை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு, ஒரு பழைய பூட்டைக் கழற்ற உட்கார்ந்தார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது அந்த டம்ளர் காலியாக இருந்தது. அடியில் சர்க்கரை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி என்றைக்கும் கலக்காமல்தான் குடிப்பாள்.

அவசரம் வந்தது. போய்க் கழிவறைக் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தானாக விழுகிற தாழ்ப்பாள் இல்லை அது, அவரே பொருத்தியது.

எந்தக் கதவையும் அரை நிமிஷத்தில் திறந்துவிடுகிற மனிதர், கருவிப் பையைத் தொடவில்லை. "மெதுவா வா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து, அடக்கிக்கொண்டு நின்றார்.