லண்டன் வரை சாயாத பொழுது

"பம்பாயிலேர்ந்து லண்டன் ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பத்து மணி நேரம். அவ்வளவு நேரமும் பொழுது சாயவே இல்ல, பரசுராமா" என்றார் ஆதிராஜ் நயினார்.

மூத்த மகனைப் பார்க்க மனைவியோடு விமானம் ஏறிப் போய்வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் திருவண்ணாமலையில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். மீதிப் பேர் இவரைக் கண்டால் சந்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பரசுராமன் இன்று இவர் வீட்டுக்கே வந்து மாட்டிக்கொண்டார்.

"அதெப்படிங்க சாயாம இருக்கும்?"

"விமானம் மேற்கால போவுது. சூரியனும் மேற்கால போவுது. நம்ம ஊர்க் கடிகாரத்துல ராத்திரி ஒம்பது. ஜன்னல்ல பாத்தா சுள்ளுனு வெயிலு. சாப்பாடு வந்தது, தாராளமா சாப்பிட்டேன். பொழுது சாஞ்சாதானே நம்ம சமணருங்க சாப்பிடக் கூடாது? கடிகாரத்தப் பாக்கக் கூடாது. சூரியனைத்தான் பாக்கணும்."

அறுபது வருஷ விரதத்துக்கு ஆகாயத்திலும் பங்கம் வரவில்லையாம். தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டு மீசையைத் தடவினார்.

அப்போது சின்ன மருமகள் ஜெயமதி உள்ளே வந்தாள். கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ் வழியில் நின்றுபோய், இருட்டிய பிறகுதான் வந்து சேர முடிந்தது. நாலு மாசக் கர்ப்பிணி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் வாந்தியாயிடுச்சு. தலை சுத்துது. சாப்பிட எதுனா இருக்கா?"

நயினார் ஜன்னலைக் காட்டினார்.

"வெளிய பாரு. பொழுது சாஞ்சாச்சு. தண்ணியக் குடிச்சிட்டுப் படு. இந்த வீட்டுல ராத்திரி அடுப்பு எரியாது."

"பஸ்ஸு நின்னுடுச்சு மாமா..."

"உன் பஸ்ஸு நின்னா தர்மமும் நிக்கணுமா?"

பரசுராமனுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. மெல்ல நழுவப் பார்த்தார். அதற்குள் நயினாரின் மனைவி கனகமாலா சமையற்கட்டிலிருந்து வந்தாள். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொட்டவள் இல்லை. அதைப் பற்றி ஒருத்தரிடமும் பேசியவளும் இல்லை.

"போன கதையத்தான் கேட்டீங்க தம்பி. திரும்பி வந்த கதையையும் கேட்டுட்டுப் போங்க."

நயினார் இருமினார். அவள் நிறுத்தவில்லை.

"வர்றப்ப விமானம் கிழக்கால வருது. பாதி வழியிலயே வெளிய கும்மிருட்டு. அப்பத்தான் சாப்பாடு வந்தது. இவரு ஜன்னல் பக்கமே திரும்பல. கடிகாரத்தப் பாத்தாரு. 'லண்டன்ல இன்னும் மூணரை மணிதான்'னு தன் தட்டை முடிச்சாரு. நான் தொடாம வெச்ச தட்டையும் முடிச்சாரு."

சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நயினாரிடம் ஒரு கிலோமீட்டர் கூட பாக்கி இல்லை.

சூடாக ரெண்டு தோசை வந்தது. ஜெயமதி தட்டைத் தொடாமல், பயத்தோடு மாமனாரைப் பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்கற? லண்டன்ல இப்ப மணி ரெண்டுதான். நீ சாப்பிடும்மா" என்றாள் கனகமாலா.