விழுங்கிய தாலி

எத்தனை வாழைப்பழம் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாள்.

ஐந்து என்றாள் வந்தவள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். பதினோரு வருடமாக இதே பழம். பல்செட்டை விழுங்கினாலும் பழம், ஊக்கை விழுங்கினாலும் பழம், மீன்முள் தொண்டையில் நின்றால் பழத்தோடு நாலு உருண்டை வெறுஞ்சோறும். உள்ளே போனதைப் பழம் தள்ளிவிடும் என்று இந்த ஊருக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ. வாய்வழியே குழாயை விட்டுப் பார்த்தால் பழம்தான் தெரியும். சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

நேற்று ஒருவருக்குப் பல்செட்டை எடுத்துக் கொடுத்தாள். குழாயடியில் அலசி, அங்கேயே மாட்டிக்கொண்டு, சாப்பிடப் போய்விட்டார்.

என்ன விழுங்கினீர்கள் என்று கேட்டாள்.

கூட வந்திருந்த நாத்தனார் குனிந்து டாக்டரின் காதோடு சொன்னாள்.

தாலி.

சீட்டில் பெயர் நீலாயதாட்சி, வயது நாற்பத்தொன்று. இன்று ஆடிப் பதினெட்டு. காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத் தாலிக்கயிறு மாற்ற உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். பழைய கயிற்றிலிருந்து உருவிய தாலியைத் தரையில் வைக்கக் கூடாது, தட்டிலும் வைக்கக் கூடாது. புதுக் கயிற்றில் மஞ்சள் பூசி முடிக்கும்வரை பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, பூ மீதி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கு என்று இவள் வாயைத் திறந்தாள்.

அவ்வளவுதான்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு டப்பாவிலேயே இருந்தது.

எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தளவுக்குச் சின்னதாய், வெள்ளையாய்த் தெரிந்தது. கூர் இல்லை, முனை இல்லை. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கிவிட்டது. இனிக் குழாய் எட்டாது. பயப்பட ஒன்றுமில்லை, ரெண்டு நாளிலோ நாலு நாளிலோ வெளிக்கிருக்கும்போது தானாக வந்துவிடும், தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தினமும் பார்க்கவும் என்று சீட்டிலும் எழுதினாள். எத்தனையோ பேருக்கு எழுதிய வரி.

நீலாயதாட்சி எழுந்திருக்கவில்லை.

நாத்தனார்தான் விவரம் சொன்னாள். இவள் புருஷன், அதாவது தன் அண்ணன், விசைப்படகில் போய் ஆறு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கரைக்கு வரும். இன்று புதன். அவர் கடலில் கிடக்கும்போது இவள் கழுத்தில் தாலி இல்லை.

அதான் மஞ்சள் கட்டியிருக்கிறீர்களே என்று டாக்டர் கையைக் காட்டினாள். புதுக் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு தொங்கியது.

நீலாயதாட்சி தலையை நிமிர்த்தினாள்.

"மஞ்சக்கெழங்கு ஊருக்குச் சரி டாக்டரம்மா. கடலுக்குத் தெரியுமே."

இதற்கு என்ன மருந்து எழுதுவது?

இந்த மாதிரி நம்பிக்கைகள்மேல் கோபப்பட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது அலுப்பு மட்டும்தான். ஆளை அனுப்பினால் போதும் என்றிருந்தது. கழுத்தில் இல்லாவிட்டால் என்ன, உடம்புக்குள்தானே இருக்கிறது, கழற்றி வைத்த கணக்கு ஆகாது என்று சொல்லிவைத்தாள்.

அது வினையாகப் போயிற்று.

நீலாயதாட்சியின் முகம் தெளிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்தாள். குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது வெளியே வராமல் இருக்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்றாள்.

எப்போது வரும், எப்போது வரும் என்றுதான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

அப்படி மாத்திரை கிடையாது, அடைத்துக்கொண்டால் ஆபத்து, பட்டினியும் கிடக்கக் கூடாது என்று டாக்டர் எடுத்துச் சொன்னாள். அது வருகிற நாளில் வரும். நாளைக்கே வந்தாலும் வரும். நம் கையில் இல்லை.

நீலாயதாட்சி சீட்டை மேசைமேல் திருப்பி வைத்தாள். டாக்டர் கடைசியாக எழுதிய வரியின்மேல் விரலை வைத்தாள்.

"நான் பாக்கமாட்டேன் டாக்டரம்மா. பாத்தாத்தான கழண்டது?"

நாத்தனார் பதறினாள். அரைப்பவுன் தாலி, பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிட்டால் போனது போனதுதான் என்றாள். கல்யாணத்தில் கட்டியது, இருபது வருடம் கழுத்தில் கிடந்தது என்றாள்.

போனால் போகட்டும் என்றாள் நீலாயதாட்சி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தபடியே இருந்தாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். கடலில் இருக்கும் அந்த மனுஷர் நல்லபடியாகக் கரையேறிவிட வேண்டுமே என்று இப்போது அவளுக்கே பயமாக இருந்தது.

சீட்டை இழுத்து அந்த வரியை அடித்தாள். கீழே, திங்கட்கிழமை எக்ஸ்ரே என்று எழுதினாள்.

நீட்டியவள், உடனே விடவில்லை.

"திங்கக்கெழம வரும்போது அவரையும் கூட்டிக்கிட்டு வாங்க."