முட்டி இடிக்கிற தூரம்

"என்ன வேணும்னாலும் பாருங்க. டிரைவர் சீட்டை மட்டும் நகர்த்திடாதீங்க."

சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மா சொன்னது அவ்வளவுதான். கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது.

அவர் மூக்கில் கண்ணாடி கிடையாது. வொர்க்‌ஷாப்புக்கும் வாடிக்கையாளர் உட்காரும் அறைக்கும் நடுவே இருந்த சுவரை இடித்து, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டதால் வந்த பேர் அது. எந்த போல்ட்டைக் கழற்றினாலும் வண்டிக்குச் சொந்தக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கழற்றிய பழைய சாமானைக் காட்டி, பையில் போட்டுக் கொடுத்தும் விடுவார். அது போச்சு, இது போச்சு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வாடிக்கையாளருக்குக் காது குத்துகிற பட்டறைக்காரர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்டவரிடம் வந்து சீட்டுக்குக் காவல் போடுகிறாரே, அதற்கடியில் என்ன புதையலா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வண்டியை உள்ளே எடுக்க ஏறியபோதுதான் வேடிக்கை தெரிந்தது. சீட் ஸ்டீயரிங்கோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தொந்தியை எக்கித்தான் உள்ளே நுழைய முடிந்தது. அந்த அம்மாவோ நல்ல உயரம். இதில் எப்படி மடங்கி உட்கார்ந்து ஓட்டி வந்தார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

பிரேக்கில்தான் கோளாறு. பழைய பிரேக் பேடுகளைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய்க் காட்டினார். தகடாகத் தேய்ந்திருந்தன.

"புதுசா ஓட்டக் கத்துக்கிறவங்க கையில இருந்த வண்டி மாதிரி இருக்கும்மா. பிரேக்லேர்ந்து காலையே எடுத்ததில்லை போல."

அந்த அம்மா முதல்முறையாகச் சிரித்தார். பழையதைத் தன் கையிலேயே கொடுத்துவிடச் சொன்னார். எல்லாரும் கேட்பதுதான். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

புதியதைப் போட்ட பிறகு தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் மறுபடியும் தொந்தியை எக்கி உள்ளே புகுந்து வண்டியை வெளியே எடுத்தார்.

தெருமுனை திரும்பியதும் அவர் கை தானாகச் சீட்டுக்கடியில் போய்க் கம்பியைத் தூக்கிவிட்டது. எத்தனையோ பேர் வண்டிகளில் ஏறி இறங்கிப் பழகிய கை, யாரையும் கேட்பதில்லை. சீட் டக் டக்கென்று பின்னால் போனது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

வேகமெடுத்துப் பிரேக் பிடித்தார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. திரும்பி வரும்போதுதான் அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

ஓரங்கட்டி, சீட்டை முன்னால் இழுத்தார். சீட் நகர்கிற தண்டில் எத்தனை பல் பின்னால் போனது என்று யார் பார்த்தார்கள்? எங்கே கீறல் இருக்கிறது, எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்றெல்லாம் வண்டி வந்ததுமே பார்த்து வைப்பவர், இதைப் பார்த்து வைக்கவில்லை. தொந்தி அழுந்துகிறதா என்று பார்த்தார். அழுந்தியது. கிட்டத்தட்ட அதே இடம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, போனது போலவே நசுங்கியபடி உள்ளே வந்து நிறுத்தினார்.

அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை. காலைப் பிரேக்கில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"முட்டி இடிக்கலையே," என்றார்.

எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவரின் குரலாக இருந்தது அது.

"இடிச்சா கஷ்டம்தானேம்மா?"

"என் பொண்ணு இழுத்துப் போட்ட இடம்ண்ணா. அவ குட்டை. அப்பதான் ஓட்டப் பழகிட்டிருந்தா. சாயந்திரம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினா, மறுநாள் காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கவே இல்லை. அதிலேர்ந்து நான் இதை நகர்த்தினதே இல்லை."

கண்ணாடிக்காரரின் பார்வை சீட்டுக்கடியில் இருந்த கம்பிக்குப் போனது.

சொல்லிவிடலாம். சொல்வதுதான் அவர் வழக்கம். தன் பக்கம் தப்பு நடந்தால் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டு, தன் செலவிலேயே மாற்றிக் கொடுப்பார். இதை எங்கிருந்து வாங்கி மாற்றிக் கொடுப்பது? எந்தப் பல் என்பது அவருக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது. அந்த அம்மாவின் முட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

"புது பேடு போட்டிருக்கில்லம்மா," என்றார். "அதனால பெடல் கொஞ்சம் மாறியிருக்கும். காலுக்கு வேற மாதிரி தெரியும். சீட்டு அப்படியேதான் இருக்கு."

பேடுக்கும் முட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவருக்கு ஆகாத பட்டறைக்காரர்கள் அவிழ்த்துவிடுகிற அதே ரகம். இத்தனை நாள் பழகியது போலச் சரளமாக வந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தோள்கள் தளர்ந்தன.

"நீங்க சொன்னா சரிண்ணா. வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

பழைய பேடு இருந்த பையைப் பக்கத்து சீட்டில், உருளாதபடி ஓரமாகச் சாய்த்து வைத்தார். கதவைச் சாத்தினார். வண்டி மெதுவாக வெளியே போனது.

கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார். தெருவில் வண்டிக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் பிரேக் விளக்கு எரிந்தது. அணைந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி எரிந்தது.