ஓரத் துண்டு

"ஊருக்கெல்லாம் க்ரீம் வச்ச கேக்கு. என் புருஷனுக்கு மட்டும் மீந்து போனதா?"

மாமியார் மெதுவாகத்தான் சொன்னாள். அதாவது, பக்கத்து வீட்டோடு நிற்கிற மாதிரி.

வீட்டிலிருந்தபடியே ஆர்டருக்கு கேக் செய்து கொடுக்கிறவள் மருமகள். கேக் தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சீவி எடுத்த ஓரங்களையும் மேல் துண்டுகளையும் விரல் நீளத்துக்கு நறுக்கினாள். சூடான கல்லில் வெண்ணெய் விட்டு, துண்டுகளைப் பரப்பி, துளி சர்க்கரை தூவி, இரண்டு பக்கமும் சிவக்கத் திருப்பிப் போட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மாமனார் ஒரு துண்டை வாங்கிக் கடித்தார். கறுக்... முறுக்!

"ஆகா!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாசமாக இதே கதைதான். தினம் நாலு மணிக்குக் கல்லில் வறுத்த மிச்சம் மீதி! நல்ல கேக்கில் ஒரு வாய், ஒரே ஒரு வாய், கொடுத்திருப்பாளா இந்த மகராசி?

"அம்மா, அவருக்குப் பிடிச்சிருக்கு. விடேன்" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா. அவ கேக்கைத் தின்னு தின்னு உன் வாயே ஒட்டிப்போச்சு. உங்கப்பா யாரு தெரியுமா? முப்பத்தெட்டு வருஷம் உப்பு கம்மி, காரம் கூடன்னு தினம் ஒரு நொட்டை சொன்னவர். இப்போ மூணு மாசமா எதைப் போட்டாலும் 'பிரமாதம், பிரமாதம்'ங்கிறார். அப்படித் தங்கமா மாறிட்ட மனுஷனுக்குக் கழிச்சுப் போட்டதையா கொடுக்கிறது?"

பிரமாதம் என்று சொல்லும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. உடனே கோபம் ஞாபகம் வந்தது.

"என்னங்க, எழுந்திருங்க. பெட்டியைக் கட்டியாச்சு. பொண்ணு வீட்டுக்குப் போயிடலாம். மரியாதை இல்லாத இடத்துல எனக்குத் தண்ணிகூட இறங்காது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டில்மேல் பெட்டி நிஜமாகவே தயாராக இருந்தது. மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு இங்கேயே நல்லாத்தானே இருக்கு" என்றார் மாமனார், அடுத்த துண்டைக் கடித்தபடி.

அவ்வளவுதான்! விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள் மாமியார். மாவு டப்பாவுக்குப் பின்னால் தட்டுப் போட்டு மூடி, முழுசாக ஒரு கேக். பொன்னிறத்தில் பளபளவென்று!

"பாருங்கடா, ஒளிச்சு வச்சிருக்கிற அழகை!"

கத்தியை எடுத்துப் பெரிதாக ஒரு துண்டு போட்டுக்கொண்டு வந்தாள். மருமகள் பதறிப்போய்க் குறுக்கே ஓடி வந்தாள்.

"ஐயோ அத்தை! அது வேண்டாம் அத்தை!"

"ஏன், மாமனார் ஒரு வாய் தின்னா குறைஞ்சா போயிடும்? நீங்க சாப்பிடுங்க."

பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார் மாமனார். மறு பேச்சில்லாமல் ஒரு கடி கடித்து மென்று விழுங்கினார்.

"அடடா! தேன்! தேன் மாதிரி இருக்கு!"

"கேட்டுக்கிட்டியா?" என்று மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள் மாமியார்.

அடுத்த நொடி குழாயடிக்கு ஓடினாள்.

"தூ! தூ! உப்பு! ஒரே உப்பு!"

"சர்க்கரைன்னு நினைச்சு உப்பைக் கொட்டிட்டேன் அத்தை. தூக்கிப் போடத்தான் ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றாள் மருமகள்.

மாமியார் வாயைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"இதுவா தேன்?"

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த கேக் தூளைத் தட்டிவிட்டார்.

"உங்களைத்தான் கேட்கிறேன். நாக்குக்கு என்ன ஆச்சு?"

"மூணு மாசத்துக்கு முன்னால காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. இனிப்பும் தெரியல, உப்பும் தெரியல. வாசனையும் இல்ல."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாசம்! ஒரே வீட்டில், ஒரே மேஜையில், மூன்று வேளையும் பரிமாறியிருக்கிறாள்.

"நான் சர்க்கரையே போடாத க்ரீமைக் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னேன் அத்தை. இனிப்பு தூக்கல்னார். அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. மாவு வாங்கப் போறோம்னு உங்ககிட்ட சொல்லிட்டு டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரலாம், நாளாகும்னார். மெத்துனு எதைக் கொடுத்தாலும் மாமாவுக்குப் பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்காம். மொறுமொறுன்னு இருந்தா அந்தச் சத்தமாவது சாப்பிட்ட மாதிரி இருக்காம். அதான் தினம் வறுத்துக் கொடுக்கிறேன்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் விடவில்லை.

"நாக்கு இருந்த முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை வரல. நாக்கு போனப்புறம் பிரமாதமாம், பிரமாதம்! நான் பைத்தியக்காரி மாதிரி ஏமாந்துபோய்ச் சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஏண்டி, இத்தனை பேச்சு வாங்கினியே, அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?"

மருமகள் மாமனாரை ஒருதரம் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் தலையாட்டினார். அவள் கேட்கவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிட்டார் அத்தை. 'கல்யாணமான நாளா உன் அத்தை என் முகத்தைப் பார்த்துப் பயந்து பயந்துதான் பரிமாறினா. இப்போதான் சிரிச்சுக்கிட்டே போடுறா. என் நாக்கு திரும்பி வராட்டியும் பரவாயில்ல, அந்தச் சிரிப்பைக் கெடுத்துடாதே'ன்னார்."