இரண்டு மாத நாடு

வண்டி புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

ஸீரா இரண்டு குழந்தைகளுக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் தன் மகன். இடது பக்கம் கும்பாவின் மகன்.

கும்பா ஜன்னலுக்கு வெளியே, நடைமேடையில் நின்றாள். பிள்ளையை வாங்கிக்கொள்ள இரண்டு முறை கை நீட்டினாள். இரண்டு முறையும் இழுத்துக்கொண்டாள்.

செனகலின் தியெஸ் நகரத்து ரயில்வே குடியிருப்பில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. கும்பா செனகல்காரி. வண்டிக்குள் இருந்த ஸீரா, கிழக்கே, பக்கத்து நாடான பிரெஞ்சு சூடானிலிருந்து வந்தவள். அவள் கணவன் பக்காரி ரயில் பணிமனையில் ஃபிட்டர்.

அது 1960. ஜூன் மாதம் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. செனகலும் சூடானும் இனி ஒரே நாடு என்றார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஸீரா தெருவில் ஆடினாள். நிறைமாதமாக இருந்த கும்பாவும் ஆடினாள். பக்காரிதான் பயந்துபோய் அவளுக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.

ஜூலையில் கும்பாவுக்குப் பிள்ளை பிறந்தது. கூடவே காய்ச்சல். பால் வற்றிவிட்டது. பசும்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

யாரும் கேட்கவில்லை. ஸீராவே வந்து அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்டில் தலைவர்களுக்குள் உறவு முறிந்தது. நாடு இரண்டே மாதம்தான் இருந்தது. சூடான்காரர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

விசில் ஊதினார்கள்.

ஸீரா குனிந்து பார்த்தாள். கும்பாவின் பிள்ளை கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். இருவரையும் அணைத்தபடியே வண்டியை விட்டு இறங்கினாள்.

பக்காரி வண்டியிலேயே இருந்தான். அவளுடைய துணிமூட்டையை ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தான்.

"அவனுக்குப் பல்லு முளைக்கட்டும். அப்புறம் வா."

வண்டி போனது.

அதன் பிறகு எந்த வண்டியும் எல்லையைத் தாண்டவில்லை.

பிள்ளைகளுக்குப் பல் முளைத்தது. நடை வந்தது. பேச்சு வந்தது. இந்தப் பெண் யார் என்று விசாரிக்க வந்தவர்களிடம், "என் கூடப் பொறந்தவ" என்றாள் கும்பா. ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னாள்.

மூன்று வருடம் கழித்துப் பாதை திறந்தது.

கும்பா தனக்கும் மகனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள். வழிநெடுக ஒரே கேள்விதான்.

"உன் புருஷன் மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்?"

ஸீரா கும்பாவின் மகனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

எல்லைக்கு அப்பால், கயெஸ் நிலையத்தில் நல்ல வெயில். பக்காரி கூட்டத்தை விட்டு விலகி நின்றிருந்தான். இளைத்திருந்தான்.

முதலில் பையன்கள் இறங்கினார்கள். ஒரே துணியில் தைத்த சட்டை. ஏறக்குறைய ஒரே உயரம்.

பக்காரி ஒருவனைப் பார்த்தான். மற்றவனைப் பார்த்தான். மறுபடி முதலாமவனை.

எவன் தன் மகன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கும்பா தலையைக் குனிந்துகொண்டாள். ஸீரா சொல்ல வாயெடுத்தாள்.

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

சுடும் தரையில் முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் விரித்தான்.